குழலிக்கு வந்த காமாலை

ஏலவார்குழலிக்கு மஞ்சள் காமாலை வந்தது கல்யாணமான நாலாம் மாதம். கண்ணில் மஞ்சள் தட்டியிருப்பதை முதலில் பார்த்தவன் அவள் புருஷன் தினகரன்தான். காலையில் தறியில் உட்காருவதற்கு முன் காப்பி வாங்க வந்தவன், அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு கண்ணையும் மாறிமாறிப் பார்த்தான்.  காப்பியை வாங்காமலே போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டான். பெண்டாட்டிக்கு என்னமோ ஆகிவிட்டதே என்று அவன் பயந்துபோனதாகத்தான் புதுப்பெண்ணான அவளுக்குப் பட்டது. அந்தப் பயத்தில் தன்மேல் அவனுக்கிருந்த பிரியத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அவள் மாமியார் துர்காதேவிதான் பேசினாள். “போன வாரம் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தா இல்ல? அந்த ஐயம்பேட்டைக் கெணத்துத் தண்ணிதான். எதைக் குடிச்சாளோ, வாங்கிக்கினு வந்துட்டா.”

அன்றைக்கே பெட்டியைக் கட்டி ஐயம்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, எண்ணெய் சேர்க்காத சோறு போட்டுப் பார்த்துக்கொண்டாள். குழலி வாந்தியெடுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தினகரன் ஒரே ஒரு முறை வந்தான். ஒரு பை சாத்துக்குடியை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். பெண்ணுக்கு நோய் வந்தது தன் வீட்டுத் தண்ணீரால் என்று அம்மாவும் நம்பினாள். ஊர்க்காரர்கள் சிரித்தாலும் பரவாயில்லை என்று வீட்டுக் கிணற்றுக்குக் கல் பலகை போட்டு மூடிவிட்டாள்.

காமாலை தானாக இறங்கியது. குழலி பிள்ளையார்பாளையத்துக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். ஆனால் அந்த வீட்டில் அவள் நோய் இறங்கவே இல்லை. அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவற்றைக் கவிழ்த்து வைக்கத் தனியாக ஒரு மூலை. தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும்போது சாமிக்குச் செய்கிற பொங்கலை அவள் தொடக்கூடாது. கல்யாண வீடுகளில் பந்தி பரிமாற எழுந்தால், யாராவது ஒருத்தி நயமாகக் கரண்டியை வாங்கிக்கொள்வாள். “அந்தப் பொண்ணுக்கு ஈரல் கெட்டுப்போச்சு, பாவம்” என்று தெருவே சொன்னது. மகள் யாழினி வயிற்றில் இருந்தபோது ரத்தமெல்லாம் சோதித்து, காமாலைக் கிருமி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்னாள்.

“ரத்தத்துல இல்லன்னா ஈரல்ல ஒளிஞ்சிக்கினு இருக்கும்” என்றாள் துர்காதேவி.

இதையெல்லாம்கூட குழலி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். தினகரனின் தங்கை காயத்ரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை. குளிப்பாட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த பிள்ளையைத் தூக்கக் குழலி கையை நீட்டினாள். காயத்ரி பிள்ளையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க அண்ணி. டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லியிருக்காரு.”

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள் குழலி. தினகரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு தனியாக இருக்கும்போது, “விடு குழலி. அவங்க அப்படித்தான். நான் உன்னை ஏதாவது சொல்றேனா?” என்றான். உண்மைதான். அவன் எதுவும் சொன்னதில்லை. அவள் தட்டில் மீந்ததை எடுத்துச் சாப்பிடுவான். அந்த வீட்டில் தன்னைக் கண்டு அருவருக்காத ஒரே ஆள் என்று அவள் அவனை மனசுக்குள் உயரத்தில் வைத்திருந்தாள். அவனுக்காகவே மற்றவர்களைச் சகித்தாள்.

இப்படியே பதினாலு வருஷம் ஓடியது. குழலி கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். அவள் போட்ட மயிலும் யாளியும் ஊரில் பாதித் தறிகளில் ஓடின. தினகரனுக்கு வயிற்றில் கேஸ் தொந்தரவு. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரும் மாத்திரையுமாக அவன் முன்னால் நிற்பது அவள் வேலை. மாத்திரையைச் சென்னையிலிருந்து அவனே வாங்கி வந்துவிடுவான். மாதம் ஒரு தரம் கடைகளுக்குச் சேலை கொடுக்கப் போகிறவன்தானே.

போன வருஷம் குழலிக்குப் பித்தப்பையில் கல் என்று சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்தின நாள் டாக்டர் பிரியதர்ஷினி என்று ஓர் இளம் பெண் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். கல்லீரலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பித்தப்பையை எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் கல்லீரலில் ஒரு சின்னத் துணுக்கு எடுத்துக்கொள்ளலாமா, அதனால் ஆபத்தில்லை, இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று பொறுமையாகக் கேட்டாள்.

“எடுத்துக்கோங்க மேடம். ஆனா என் ஈரல் கெட்டுப்போன ஈரல். என்ன இருந்தாலும் மறைக்காம எங்கிட்ட சொல்லணும்” என்றாள் குழலி.

ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, சில மாதங்கள் கழித்துப் பிரியதர்ஷினி போன் செய்து வரச் சொன்னாள். குழலி தனியாகப் போனாள். பஸ்ஸில் போகும்போதே புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. உங்க கல்லீரல் கெட்டுப்போகவே இல்ல. ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் பிரியதர்ஷினி. “உங்களுக்கு எப்பவாவது மஞ்சள் காமாலை வந்துச்சா?”

“வந்துச்சு. தண்ணியால வந்தது.”

பிரியதர்ஷினி தலையை ஆட்டினாள். “தண்ணியால வர்ற காமாலை வேறம்மா. உங்களுக்கு வந்தது ஹெபடைடிஸ் பி. உங்க கல்லீரல் துணுக்குல நாங்க சில செல்களைப் பாத்தோம். உடம்புல நோயோட சண்டை போடுற செல்கள் நெறைய உண்டு. முக்கால்வாசி ரத்தத்துல ஊர் சுத்திக்கிட்டே இருக்கும். சில செல் மட்டும் சண்டை நடந்த எடத்துலயே தங்கிடும், எங்கயும் போகாது. எந்தக் கிருமியோட சண்டை போட்டுச்சோ அதை மறக்காது. உங்க கல்லீரல்ல அப்படித் தங்கியிருக்கிற செல்கிட்ட ஹெபடைடிஸ் பி கிருமியோட சின்னச் சின்ன துண்டைக் காட்டினோம். உடனே அடையாளம் கண்டுக்கிச்சு.”

“அப்போ இன்னும் நோய் இருக்குதா?”

“இல்ல. உங்க ரத்தத்துல கிருமி இல்ல. யாருக்கும் உங்ககிட்ட இருந்து ஒட்டாது. உங்க உடம்பு தானாவே ஜெயிச்சிருச்சு. கிருமியோட மிச்சம் மீதி ஏதாவது ஒரு மூலையில அடங்கிக் கிடக்கும். அது தலை தூக்காம இந்த செல்கள் பாத்துக்கும். பின்னாடி எப்பவாவது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற பெரிய மருந்து எடுக்க வேண்டி வந்தா மட்டும், முன்னாடி இது இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடணும். வேற ஒண்ணுமில்ல.”

குழலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் கிணறு நினைவுக்கு வந்தது. “தண்ணியால இல்லன்னா இது எதனால வரும் மேடம்?”

“ரத்தத்தால வரும். சரியா சுத்தம் பண்ணாத ஊசியால வரும். பிரசவத்துல தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும்.” பிரியதர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள வரும். யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு இந்த செல்லைப் பாத்துச் சொல்ல முடியாது. காமாலை எப்போ வந்துச்சு உங்களுக்கு?”

“கல்யாணமாகி நாலாம் மாசம்.”

பிரியதர்ஷினி கோப்பில் அதைக் குறித்துக்கொண்டாள். “உங்க வீட்டுக்காரரையும் பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்கம்மா” என்றாள் பிறகு.

ஊர் திரும்பும் வழியெல்லாம் குழலிக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே இல்லை. தினகரனைப் பற்றித்தான் கவலை. அவனுக்குத் தெரியாமலே அவன் உடம்பில் ஒரு கிருமி இருக்குமோ, இத்தனை வருஷமாக உள்ளே இருந்துகொண்டு ஈரலைத் தின்கிறதோ, அந்த வயிற்றுத் தொந்தரவே அதுதானோ என்று கிடந்து தவித்தாள். தன்னிடமிருந்து அவனுக்குத் தொற்றியிருக்குமோ என்றுகூட ஒரு பயம். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

“எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கறேன்” என்றான் தினகரன், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உள்ள இருந்தா வெளிய தெரியாதாம். ஒரு ரத்தம்தானே குடுக்கப் போறீங்க?”

“பாக்கலாம். சேலை முடியட்டும்.”

அந்தச் சேலை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. இவன் ஊசிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்த குழலி, குழந்தையிடம் பேசுவது போல நயமாகப் பேசிப் பார்த்தாள், கோபித்துக்கொண்டாள், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்தாள். கடைசியில் யாழினியும் சேர்ந்துகொண்டு, “அப்பா, நானும்தான் குடுக்கறேன், வாங்கப்பா” என்று கையைப் பிடித்து இழுத்த பிறகு ஒருவழியாகக் கிளம்பினான்.

விடிந்ததும் கிளம்பவேண்டியிருந்தது. ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளட்டும் என்று அலமாரியிலிருந்த அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள் குழலி. அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அது படவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் யாழினியிடம் ரத்தம் எடுத்தார்கள். பிறகு தினகரனை உட்காரவைத்துப் பிரியதர்ஷினி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஆபரேஷன் நடந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தான்.

“தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“இல்ல மேடம்.”

“ஏங்க, கேஸ் மாத்திரை போடுறீங்களே” என்று குழலி முந்திக்கொண்டாள். “மறந்துட்டாரு மேடம். தெனமும் நான்தான் எடுத்துக் குடுக்கறேன். இதோ.” கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பிரியதர்ஷினி அதை எடுத்துத் திருப்பிப் படித்தாள். பிறகு தினகரனைப் பார்த்தாள். குழலியைப் பார்க்கவில்லை.

“அம்மா, நீங்களும் பொண்ணும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? சார்கிட்ட நான் தனியாப் பேசணும்.”

குழலி எழுந்திருக்கவில்லை. தினகரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் பின்கழுத்தில் வேர்த்திருந்தது. அட்டையில் இருந்த பெயரை அவளாலும் படிக்க முடியும். ஆங்கிலம் தெரியாதவள் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. புருஷன் கேஸ் மாத்திரை என்று சொன்னால் அது கேஸ் மாத்திரை.

“அது கேஸ் மாத்திரைதானே மேடம்?”

“அவர்தான் சொல்லணும்மா” என்றாள் பிரியதர்ஷினி மெதுவாக.

அவன் சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது.

யாழினியை வரிசை நாற்காலி ஒன்றில் உட்காரவைத்துவிட்டு, ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு மூலை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுற்றிலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எப்போலேருந்து தெரியும்?” என்றாள் குழலி.

“மாத்திரை போடுறது ஒரு எட்டு வருஷமா.”

“மாத்திரையைக் கேக்கல. நோய் இருக்குதுன்னு எப்போ தெரியும்?”

டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “பாலிடெக்னிக்ல ரத்த தானம் குடுத்தேன். அப்போ கூப்பிட்டுச் சொன்னாங்க. பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்னாங்க. அம்மாவையும் டெஸ்ட் பண்ணாங்க. அவங்களுக்கும் இருக்குது.”

“அப்போ நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே.”

“ம்.”

“கட்டிக்கப் போற பொண்ணுக்கு என்ன செய்யணும்னு டாக்டர் சொல்லலையா?”

இந்தக் கேள்வி வருமென்று அவன் பல வருஷமாகக் காத்திருந்தவன் போலிருந்தது. “சொன்னாரு. மூணு ஊசி. போட்டுட்டா பயமில்லன்னாரு. நான் அம்மாகிட்ட சொன்னேன் குழலி, சத்தியமா சொன்னேன். அம்மாதான், எதுக்கு ஊசின்னு பொண்ணு வீட்ல கேப்பாங்க, கல்யாணம் நின்னு போயிடும்னாங்க. காயத்ரியையும் யாரும் கட்ட மாட்டாங்கன்னாங்க. எல்லாருக்குமா வருது, வராது விடுன்னாங்க.”

“நீங்க விட்டுட்டீங்க.”

“விட்டுட்டேன்.”

“அன்னைக்கு என் கண்ணைப் பிடிச்சுப் பாத்தீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியும்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“என்ன நெனச்சீங்க? எனக்கு நெசம் வேணும்.”

“நீ பொழைச்சு வந்துட்டா, யாருக்கும் எதுவும் தெரியாமப் போயிடும்னு நெனச்சேன்.”

பக்கத்து மேஜையில் யாரோ சட்னி கேட்டார்கள். அவன் அழுகிறான் என்பதை யாரோ ஒருவனைப் பற்றிய தகவல் போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தட்டில் மீந்ததை இவன் எடுத்துச் சாப்பிட்டானே, அதை எவ்வளவு பெரிய அன்பென்று கொண்டாடினேன் என்று நினைத்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தவனுக்கு அதில் என்ன கஷ்டம்?

“மாத்திரையைப் போட்டுக்குங்க. வெறும் வயித்துல போடணும் இல்ல?” என்றாள். டாக்டர் திருப்பிக் கொடுத்திருந்த அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

யாழினிக்கு ஒன்றுமில்லை, பிறந்தபோதே போட்ட தடுப்பூசி காப்பாற்றியிருந்தது. அது தெரியும் வரைக்கும்தான் குழலி அந்த வீட்டில் இருந்தாள். மாமியாரிடம் அவள் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏன் அத்தை எனக்குத் தனித் தட்டு வெச்சீங்க? நோய் உங்ககிட்டேருந்து வந்ததுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே?”

துர்காதேவி சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். “ஒரு வீட்ல நோய் இருக்குதுன்னு பேச்சு கெளம்பிட்டா, அது யாருக்குன்னு ஊருக்குச் சொல்லியாகணும். என் புள்ளைன்னா சொல்லுவேன்? எம் பொண்ணுன்னா சொல்லுவேன்? நீ வெளியேருந்து வந்தவ. உனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. நாளைக்கு நீயும் இதையேதான் செய்வே.”

அந்தப் பதிலில் ஒரு வார்த்தை குழலியின் காதில் சிக்கிக்கொண்டது. எம் பொண்ணு. துர்காதேவியிடமிருந்து மகனுக்கு வந்தது என்றால் மகளுக்கும் வந்திருக்குமே. காயத்ரிக்குத் தெரியுமா? தன்னைப் போல அவளும் ஒன்றும் தெரியாமல் இருக்கிறாளா? பிள்ளையைக் கொடுக்க மறுத்த கோபம் அந்தக் கணத்தில் அவளுக்கு நினைவிலேயே இல்லை. அந்தப் பெண்ணையும் இவர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள், போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இருந்தது.

காயத்ரியை வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தது. புருஷன் மாணிக்கவேல் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வீட்டிலும் மாமியார் உண்டு, எனவே வீட்டில் வைத்துப் பேச முடியாது. கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிக் காயத்ரியைத் திருமுக்கூடலுக்கு வரவழைத்தாள். பெருமாளைச் சேவித்துவிட்டு ஆற்றைப் பார்க்க வெளியே வந்தார்கள். மூன்று ஆறும் சேருமிடத்தில் மணல்தான் அதிகம் தெரிந்தது.

குழலி ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லீரலில் பார்த்த செல்கள், மாத்திரை, கேன்டீன். “நீ பயப்படாதே காயத்ரி. இப்ப நல்ல மருந்தெல்லாம் இருக்குது. அந்த டாக்டரம்மா தங்கமானவங்க. நானே உன்னைக் கூட்டிக்கினு போறேன்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காயத்ரி கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“எனக்குத் தெரியும் அண்ணி.”

“என்ன தெரியும்?”

“பிரசவத்துக்கு முன்னாடி ரத்தம் பாத்தப்பவே சொல்லிட்டாங்க. பாப்பா பொறந்த ஒடனே ஊசி போட்டாங்க. அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

குழலிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. “அப்போ என் கையில பிள்ளையைக் குடுக்காதது?”

“பாப்பாவுக்கு எதுக்கு அத்தனை ஊசின்னு எங்க மாமியார் கேட்டாங்க. வீட்ல அண்ணிக்கு ஈரல் நோய், அதனாலன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் உங்க கையில எப்படிக் குடுக்கறது?” காயத்ரி அழ ஆரம்பித்தாள். “நான் என்ன பண்ணட்டும் அண்ணி? எனக்கு வேற வழி தெரியல.”

அந்த மணலில் நின்றுகொண்டு குழலி அந்த வீட்டை மறுபடி ஒரு முறை எண்ணத்தில் சுற்றி வந்தாள். துர்காதேவிக்கு நோய். தினகரனுக்கு நோய். காயத்ரிக்கு நோய். மூன்று பேருக்கும் தெரியும். பெரியவர்களில் நோயே இல்லாதவள் அவள் ஒருத்திதான், அந்த வீட்டின் நோயாளியும் அவள் ஒருத்திதான். தினகரன் செய்ததுகூட ஒரு மாதிரி. அவன் கோழை. ஆனால் இந்தப் பெண் தன்னைவிடச் சின்னவள், தான் பூ வைத்துவிட வளர்ந்தவள். ஒரு வார்த்தை, தனியாகக் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“அழாதே” என்றாள் கடைசியில். “ஒண்ணு மட்டும் சொல்லு. மாணிக்கவேலுக்கு ஊசி போட்டாச்சா?”

காயத்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவருக்குத் தெரியவே தெரியாதா?”

“சொன்னா விட்டுட்டுப் போயிடுவாரு அண்ணி.”

“அதைத்தானே உங்க அண்ணனும் நெனச்சாரு.” குழலி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “நான் பொழைச்சேன் காயத்ரி. பெரியவங்களுக்கு வந்தா முக்காலே மூணுவீசம் பேரு பொழைச்சிக்குவாங்களாம். எல்லாரும் இல்ல. உன் புருஷன் எதுல சேர்த்தின்னு உனக்குத் தெரியுமா? நீயே போய்ச் சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். உன் பேர் ஊர்ல கெடாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சாகணும்.”

“நீங்க பழி வாங்குறீங்க.”

“வாங்கறதுன்னா தெருவுல நின்னு வாங்கியிருப்பேன்.”

காயத்ரி சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாளோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணிக்கவேல் ஐயம்பேட்டைக்கு வந்தான். குழலி அதற்குள் யாழினியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். அவன் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“டெஸ்ட் எடுத்துட்டேன் அக்கா. ஒண்ணும் இல்ல. மொத ஊசி போட்டாச்சு.”

“நல்லது தம்பி. உள்ள வாங்க.”

“காயத்ரியை நான் ஒண்ணும் சொல்லல. நோய் வந்தது அவ தப்பா? மாத்திரை தேவைப்பட்டா சாப்பிட்டுக்கினு நல்லா இருக்கட்டும். ஆனா பக்கத்துல படுத்துக்கினே எப்படி அக்கா அவளால சும்மா இருக்க முடிஞ்சுது? அதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கும்போதுகூட அதே நெனப்பு.” கொஞ்சம் தயங்கினான். “உங்க கையில சாப்பிடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி, நானும் ரெண்டு மூணு தரம் தட்டை நகர்த்தி வெச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க.”

அந்தக் குடும்பத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டவன் அவன் ஒருவன்தான். விஷயம் தெரியாமல் தப்புச் செய்தவனும் அவன் ஒருவன்தான்.

தினகரன் அதற்கும் பிறகுதான் வந்தான். மெலிந்திருந்தான். யாழினி அவனைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

“வீட்டுக்கு வா குழலி. இனிமே எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம். தனித் தட்டெல்லாம் தூக்கிப் போட்டாச்சு.”

 அவன் வரும்வரை குழலிக்குள்ளும் ஏதோ ஒரு எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்தது. பதினாலு வருஷம் கூட இருந்தவன். ஒருவேளை, ஒரே ஒரு ஆளிடமாவது, எதிர்வீட்டுக்காரியிடமாவது, என் பெண்டாட்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பான் என்று.

“தெருவுல எல்லாம் கேக்கறாங்க” என்றான் அவன், அவள் மனசைப் படித்தவன் போல. “ரெண்டு மாசமா நீ காணோமேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவன் வாசலைப் பார்த்தான். “திடீர்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. உனக்குப் பழைய காமாலை திரும்ப வந்துடுச்சு, நீ அம்மா வீட்ல இருக்கறதா சொல்லி வெச்சிருக்கேன். அப்புறம் சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்னு.”

குழலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. இந்த ஆளிடம் இனிக் கேட்க ஒன்றுமில்லை என்கிற நினைப்புதான் வந்தது. அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

“நாளைக்கு வந்து என் கம்ப்யூட்டரை எடுத்துக்கினு போறேன். கதவைத் தொறந்து வைங்க” என்றாள்.

மறுநாள் காலை அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் வந்து பிள்ளையார்பாளையம் முனையிலேயே இறங்கிக்கொண்டாள். வீடு வரைக்கும் நடந்தாள். பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள், சாயம் தோய்த்த நூலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“என்னம்மா குழலி, மறுபடியும் காமாலையாமே? உடம்பு தேவலையா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

உண்மை அவள் நாக்கு நுனியில் இருந்தது. நாலே வார்த்தை. சொல்லிவிட்டால் இத்தனை வருஷத்து அழுக்கும் தன் மேலிருந்து போய்விடும். அது போய் விழப்போவது துர்காதேவி மேல் மட்டுமல்ல. காயத்ரி மேலும், அவளுடைய சின்னப் பெண் மேலும் விழும். பந்தியில் அந்தப் பெண் கையிலிருந்து நாளைக்கு ஒருத்தி கரண்டியை வாங்குவாள்.

“எனக்கு ஒரு நோயும் இல்லக்கா” என்றாள் குழலி, தெரு முழுக்கக் கேட்கும் குரலில். “வயித்தைத் தொறந்து, ஈரலையே எடுத்துப் பாத்துட்டுத்தான் டாக்டர் சொன்னாங்க. தங்கமாட்டம் இருக்குதாம். காமாலை வந்துச்சுன்னு அவர் சொன்னது பொய். அவர்கூட இருக்க எனக்குப் பிடிக்கல, அதனால போறேன்.”

 உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. குழலி படியேறி உள்ளே போய், கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கினாள்.